காலாவதியான கேஷ்பேக்

அத்தியாயம் ஏழு

காணாமப் போன மனுசன் மாசந்தவறாம பத்துத் தடவை கார்டு தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. இந்தக் கேஸ்ல எங்க கையில இருந்த ஒரே நூல் அதுதான்.

நாங்கன்னா கருத்தக்கண்ணன் அண்ணனும் நானும். அண்ணன் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில துப்பறியும் ஆபீஸ் வச்சிருக்காரு. நான் சத்யப்ரியா. அவருக்கு அசிஸ்டென்ட், ஸ்கூட்டர் டிரைவர், டீ வாங்குற ஆளு, அவர் பேச மறந்ததைப் பேசுற வாய், எல்லாம் நான்தான். எங்க பொழப்பு பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கிறது. பையன் குடிப்பானா, சம்பளம்னு சொன்னது நெசமா, இதைக் கேட்டுச் சொன்னாக் காசு. அதனால, எம் புருசனைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு முனீஸ்வரி அக்கா வந்து நின்னப்ப, கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருந்தா டிஸ்கவுண்ட் குடுத்திருப்போமேக்கான்னு சொல்லித் தொலைச்சேன். அந்தக்கா சிரிக்கல. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில விளாங்குடியில இருக்கிற அவங்க வீட்டுக்குப் போனோம். ஒரு மெஸ்ஸுக்குச் சப்பாத்தி போட்டுக் குடுக்குறாங்க. வாசல் அறை முழுக்க மாவு. தலையில ஒரு முழம் மல்லி, நெத்தியில குங்குமம், எல்லாம் அளவா, ஒழுங்கா இருந்துச்சு. தெருவுல அதுக்கும் பேச்சாம். புருசன் எவகூடப் போனான்னு தெரியல, இவளுக்குப் பூ என்னத்துக்குன்னு.

புருசன் பேரு தங்கப்பாண்டி. கப்பலூர்ல ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பர். தெருவுல அவருக்கு வேற பேரு, ஆஃபர் பாண்டி. எந்த பேங்க்ல வட்டி கால் பைசா கூடன்னாலும் மறுநாள் அங்க கணக்கு இருக்கும். புது ஆளைச் சேர்த்துவிட்டா எரநூறு ரூபான்னு சொன்னதுக்குத் தெருவையே ஒரு பேங்க்ல சேர்த்துவிட்டவரு. திருமங்கலத்துல ஒரு பங்க்ல பெட்ரோலுக்கு கேஷ்பேக்னு கேள்விப்பட்டு, இங்கேருந்து அங்க வரைக்கும் பெட்ரோலை எரிச்சுக்கிட்டுப் போயி நாப்பது ரூபா வாங்கிட்டு வந்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும் அந்தக்கா முகத்துல லேசாச் சிரிப்பு வந்துச்சு.

போன வருசம் பேரையூர்ல இருந்த அவரு பங்குக் காட்டு நிலத்தை வித்தாரு. பதினெட்டு லட்சம். மக சுபலட்சுமி நர்சிங் படிக்குது, அதுக்கும் அது கல்யாணத்துக்கும்னு வச்ச பணம். அதைக் கொண்டுபோயி ஒரு புது பேங்க்ல போட்டாரு. அங்க ஒரு ஸ்கீம். ஜூலையில ஆரம்பிச்சு ஜூன் வரைக்கும், ஒவ்வொரு மாசமும் கார்டைப் பத்துத் தடவை தேய்க்கணும், வெளியிலிருந்து இருபதாயிரம் உள்ள வரணும். ஒரு மாசம்கூட விடாமச் செஞ்சா, வருசக் கடைசியில சாதாரண வட்டிக்கு மேல ரெண்டு பர்சண்ட் போனஸ். ஒரு மாசம் தவறினா அம்புட்டும் போச்சு. ஆஃபர் பாண்டிக்கு அது அல்வா. இருபதாயிரத்தை இன்னொரு கணக்குல இருந்து உள்ள அனுப்புவாரு, மறுநாளே வெளிய எடுத்து பழைய இடத்துக்கே கொண்டுபோயிருவாரு. பணத்துக்கே நகர்வலம் காட்டுற மனுசன்.

அப்படிப்பட்டவரு தீபாவளிக்கு முன்னால ஒருநாள் வேலைக்குன்னு கிளம்பிப் போனவரு, திரும்பல. போன் ஆஃப். ஆனா அக்காவோட நம்பரை ரெண்டாவது நம்பரா பேங்க்ல குடுத்து வச்சிருந்தாரு. மெசேஜ் வந்துக்கிட்டே இருந்துச்சு. கார்டு தேய்ச்ச மெசேஜ், இருபதாயிரம் உள்ள வந்த மெசேஜ், வெளிய போன மெசேஜ். போலீசுல காட்டினதுக்கு, ஆளு நல்லா இருக்காரும்மா, கார்டு ஓடிக்கிட்டு இருக்கு, வீட்ல என்ன சண்டைன்னு கேட்டு அனுப்பிட்டாங்களாம்.

"அவரு எங்க இருக்காருன்னுகூட வேணாம்ணே. இருக்காரா இல்லையா, அதை யாராவது வாயால சொன்னாப் போதும்."

அண்ணன் போனை வாங்கி மெசேஜையெல்லாம் எனக்கு அனுப்பச் சொன்னாரு. அப்பத்தான் வாசல்ல ஒரு குட்டியானை வந்து நின்னுச்சு. ஊர்ல சின்ன லோடு வண்டிக்கு அதுதான் பேரு. அதுல இருந்து ஒருத்தரு காய்ப் பையோட இறங்கி வந்தாரு. நல்லகாமன். தங்கப்பாண்டியோட சின்ன வயசுலருந்து பழக்கம், மாப்ள மாப்ளன்னு ஒரே தட்டுல சாப்புட்டு வளர்ந்தவரு. தினம் காலையில பரவை மார்க்கெட்ல காய் ஏத்தி மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோறவரு. வாராவாரம் இந்த வீட்டுக்குக் காய் குடுத்துட்டுப் போறாராம்.

நாங்க யாருன்னு அக்கா சொன்னதும் அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆச்சு. உக்காந்தாரு. சுபா நல்லாப் படிக்குதாம்மான்னு கேட்டாரு. குடுத்த காப்பியில பாதியைக் குடிச்சாரு. மிச்சத்தை வச்சுட்டு எந்திரிச்சு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

காயைக் குடுக்குறாரு, வார்த்தையைக் குடுக்க மாட்டேங்குறாரேன்னு நான் முணுமுணுத்தேன். அண்ணன் என்னைப் பாக்கல. வாசலையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் அக்காவைப் பாத்தாரு. அந்தக்கா பையிலிருந்து கத்தரிக்காயை ஒவ்வொண்ணா எடுத்து வச்சுக்கிட்டு இருந்தாங்க, நிமிராம.

*

தெருமுனை டீக்கடையில உக்காந்து மெசேஜை வாசிச்சேன். எல்லாம் இங்கிலீஷ். அக்கா ரூபாயையும் நம்பரையும் மட்டும் பாத்துக்கிட்டு மிச்சத்தை விளம்பரம்னு விட்டிருக்காங்க.

"கடைப் பேரை மட்டும் சொல்லு"ன்னாரு அண்ணன்.

பரவை மார்க்கெட்ல ஒரு டீக்கடை. மாட்டுத்தாவணியில ஒரு பரோட்டா கடை. மறுபடி டீக்கடை. மறுபடி பரோட்டா. நடுவுல ஒரு பங்க்ல ரெண்டாயிரத்துக்கு எண்ணெய். காணாமப் போனவரு வயிறு நல்லாத்தான் இருக்கு அண்ணேன்னு சொன்னேன்.

"தங்கப்பாண்டி என்ன வண்டி வச்சிருந்தாரு?"

"பைக்கு."

"பைக் டேங்க்ல ரெண்டாயிரத்துக்கு எண்ணெய் பிடிக்குமா?"

பிடிக்காது. என் ஸ்கூட்டருக்கு ஐநூறுக்கு மேல போட்டா பக்கத்து வண்டிக்கும் வழியும். பரவையிலருந்து மாட்டுத்தாவணிக்கு தினம் ஓடுற வண்டி எதுன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. ஆக நல்லகாமன் கூட்டாளியோட கார்டைத் திருடிச் சாப்பிடுறாரு, கேஸ் முடிஞ்சுச்சு, இன்னிக்கே பில் போட்டுறலாம்னு எந்திரிச்சேன்.

அண்ணன் உக்காருன்னு கையைக் காட்டினாரு. திருடுறவன் மாசம் சரியாப் பத்துத் தடவையோட நிறுத்துவானா, உள்ள பதினெட்டு லட்சம் இருக்கே, அதுல கை வைக்க மாட்டானான்னு கேட்டாரு. அந்த மெசேஜுக்கு நடுவுல வேற ஏதோ சின்னச் சின்னதா வருதே, அதைப் படின்னாரு.

அது கேஷ்பேக் மெசேஜ். ஒவ்வொரு தடவை கார்டு தேய்ச்சதுக்கும் பத்து ரூபா, பதினெட்டு ரூபான்னு விழுகும். ஆனா தானா கணக்குல ஏறாது. ஒரு வாரத்துக்குள்ள போன்ல பேங்க் ஆப்பைத் திறந்து, அதுல வர்ற கட்டத்தை விரலால சுரண்டி எடுத்துக்கணும். ஐப்பசியில எடுத்திருக்கு. கார்த்திகையில, மார்கழியில ஒண்ணு விடாம எடுத்திருக்கு. தை மாசம் பாதி வரைக்கும் எடுத்திருக்கு. அதுக்கப்புறம் வந்த அத்தனை மெசேஜும் ஒரே மாதிரி. காலாவதியானது. காலாவதியானது. காலாவதியானது.

மறந்திருப்பாருன்னு சொல்ல வாயைத் திறந்தேன். நாப்பது ரூபாய்க்குத் திருமங்கலம் போன மனுசன் எப்படி மறப்பாரு.

"கார்டு தேய்க்கிற ஆளு வேற, கேஷ்பேக் எடுத்த ஆளு வேற"ன்னாரு அண்ணன். "தேய்க்கிற ஆளு இன்னும் தேய்க்கிறாரு. எடுத்த ஆளு தையோட நிறுத்திட்டாரு."

எனக்கு அந்த டீயைக் குடிக்கப் பிடிக்கல. காசைக் குடுத்துட்டு வண்டியை எடுத்தேன்.

*

பரவை மார்க்கெட்ல உச்சி வெயில். காலை ஏவாரம் முடிஞ்சு, மிதிபட்ட முட்டைக்கோஸ் இலையை மாடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நல்லகாமன் குட்டியானையோட பின் கதவைத் திறந்துபோட்டு, காலைத் தொங்கவிட்டு உக்காந்திருந்தாரு. எங்களைப் பாத்ததும் ஓடுவாருன்னு நினைச்சேன். ஓடல. நகர்ந்து இடம் விட்டாரு. அண்ணன் பக்கத்துல ஏறி உக்காந்தாரு. கார்டு, டீக்கடை, பங்க் எதையும் எடுக்கல.

"தங்கப்பாண்டி எங்க செத்தாரு?"ன்னு கேட்டாரு.

நல்லகாமன் தொங்கவிட்ட காலை மடக்கிக்கிட்டாரு. அப்புறம், யாருண்ணே சொன்னதுன்னாரு.

"நீங்கதான். காலையில அந்த வீட்டை விட்டு எந்திரிச்சப்ப, போயிட்டு வாரேன்னு சொல்லல. எழவு வீட்ல இருந்துதான் நாம அப்படிக் கிளம்புவோம்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எங்க ஊர்ப் பக்கம் எதிரி வீட்டுக்குப் போயிட்டுக் கிளம்பினாக்கூட வாரேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவோம். கடன்காரன்கூடச் சொல்லுவான். சொல்லக்கூடாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். அங்க போயி வாரேன்னு சொன்னா, இன்னொரு சாவுக்கு வரணும்னு ஆயிரும். நான் அதைக் கண்ணால பாத்தும் மரியாதை தெரியாத மனுசன்னு நினைச்சிருக்கேன்.

நல்லகாமன் துண்டை முகத்துல வச்சுக்கிட்டு அழுதாரு. பொய் சொல்ல வாய் வந்துச்சுண்ணே, காய் குடுக்கக் கை வந்துச்சு, அந்த ஒரு வார்த்தை மட்டும் வரலைன்னாரு. எம் மாப்ள செத்த வீட்ல நின்னுக்கிட்டு எப்படிண்ணே அதைச் சொல்றதுன்னு கேட்டாரு.

அப்புறம் எல்லாத்தையும் சொன்னாரு. போன ஆவணியில தங்கப்பாண்டிக்கு வயித்துவலி. ஆஸ்பத்திரியில பாத்துட்டு கணையத்துல கேன்சர், முத்திப்போச்சுன்னுட்டாங்க. வைத்தியம் பாக்கலாம், லட்சக்கணக்குல ஆகும், ஆனா பொழைக்க வைக்க முடியாதுன்னு நேராவே சொல்லிட்டாங்களாம். வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னு தங்கப்பாண்டி சொன்னாராம், முனீசுக்குத் தெரிஞ்சா அந்தப் பதினெட்டையும் எடுத்து என் வாயில ஊத்திருவா மாப்ள, நானும் செத்து பணமும் செத்துரும்னு. அந்த நெலமையிலயும் ஒரு கிண்டல். ஆஸ்பத்திரிக்குக் குடுத்தா கேஷ்பேக்குகூட வராதுடான்னாராம்.

பேரையூர்ப் பக்கம், கடைசிக் காலத்து நோயாளிகளை வச்சுப் பாக்குற ஒரு இல்லத்துல போயிப் படுத்துக்கிட்டாரு. அண்ணன் தம்பின்னு கையெழுத்துப் போட்டுச் சேர்த்தவரு நல்லகாமன். கார்டு இவருகிட்ட, போன் அவருகிட்ட. இவரு டீக்கடையில தேய்ப்பாரு, அங்க கட்டில்ல படுத்துக்கிட்டு அவரு கட்டத்தைச் சுரண்டி கேஷ்பேக் எடுப்பாரு. எடுத்து முடிச்சதும் போனை அணைச்சிருவாரு. வலி கொல்லும்போதும் அதை மட்டும் விடமாட்டாராம்.

"போறதுக்கு முந்தின நாளு பதினெட்டு ரூபா விழுந்துச்சுண்ணே. என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சான். இனிமே என்னால சுரண்ட முடியாது, ஆனா ஜூன் வரைக்கும் பத்துத் தடவையை விட்டுறாத மாப்ள, நான் செத்தது தெரிஞ்சா கணக்கை முடக்கிருவாங்க, போனஸ் போயிரும்னு சத்தியம் வாங்கினான்."

தை மாசம் போயிட்டாரு. பேரையூர்ல, வித்த காட்டுக்குப் பக்கத்துச் சுடுகாட்டுல நல்லகாமன்தான் கொள்ளி வச்சாரு. அன்னையிலிருந்து கார்டைத் தேய்ச்சு, அந்தப் போன்லயே இருபதாயிரத்தையும் உள்ள வெளிய அனுப்பி, சத்தியத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்காரு. ஏன் கேஷ்பேக்கை எடுக்கலைன்னு அண்ணன் கேட்டதுக்கு, அது அவன் காசுண்ணே, அதைச் சுரண்ட எனக்குக் கை வரலன்னாரு.

இதுதான் கடைசி மாசம், ஜூன், எட்டுத் தடவை ஆயிருச்சு, இன்னும் ரெண்டே ரெண்டு தடவை, மாசக் கடைசி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு எங்க ரெண்டு பேரையும் கும்பிட்டாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். ரெண்டு பர்சண்ட், முப்பத்தாறாயிரம்.

"முப்பத்தாறாயிரத்துக்கு ஒரு பொம்பளையைப் பூ வச்சுக் காக்க வச்சிருக்கீங்களா ரெண்டு பேரும்?"

நல்லகாமனைத் திட்டி என்ன ஆகப்போகுது. உசுரு போற நேரத்துல ஒரு மனுசன் கேட்டதைச் செஞ்சிருக்காரு, செய்யத் தெரிஞ்ச மாதிரி செஞ்சிருக்காரு. அண்ணன் கையை நீட்டினாரு. இறந்தவரு கார்டைத் தேய்க்கிறது குத்தம், தெரிஞ்சா உங்களையும் பிடிப்பாங்க, அந்தக்காவையும் கேட்பாங்க, இனி ஒரு தடவைகூட வேணாம்னாரு. நல்லகாமன் கைக்குட்டையில சுத்தி வச்சிருந்த கார்டையும் போனையும் குடுத்தாரு. நீங்களே வந்து சொல்லுங்கன்னு அண்ணன் கூப்பிட்டதுக்கு மட்டும், முடியாதுண்ணேன்னு தலையை ஆட்டினாரு.

*

சாயங்காலம் மறுபடி விளாங்குடி. வழியெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு நான் ஒத்திகை பாத்தேன். வாழ்க்கையில முதல் தடவையா என்கிட்ட ஒரு நக்கலும் இல்ல. அண்ணன் சொல்லிருவாருன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். எத்தனையோ வீட்ல மாப்பிள்ளைக்கு வேற குடும்பம் இருக்குன்னு முகத்துக்கு நேரா சொன்ன ஆளு.

அக்கா கையைக் கழுவிட்டு வந்து காப்பி குடுத்தாங்க. எதுவும் கேட்கல. சுபா ஹாஸ்டல்லருந்து சனிக்கிழமை வருதுன்னு சொன்னாங்க. புதுசாக் கட்டின மல்லி தலையில இருந்துச்சு. அண்ணன் காப்பியைக் குடிச்சாரு. டம்ளரைக் கீழ வச்சாரு. தொண்டையைச் செருமினாரு. அப்புறம் எந்திரிச்சுட்டாரு. அவரால முடியல. எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியாம எந்திரிச்சேன். நாளைக்கு வந்து சொல்லிக்கலாம்னு மனசுக்குள்ள ஒரு கோழைத்தனம். செருப்புல காலை விட்டோம்.

"என்னண்ணே, சொல்லாமப் போறீங்க?"

வாரேன்னு சொல்லணும். சொல்லிட்டா அந்த ராத்திரி அந்தக்கா நிம்மதியாத் தூங்கும். நான் அண்ணனைப் பாத்தேன். அவரு வாயைத் திறந்தாரு, சத்தம் வரல. எனக்கும் வரல. செத்த வீட்ல நின்னுக்கிட்டு எப்படிச் சொல்றதுன்னு நல்லகாமன் கேட்டது எனக்கு அப்பத்தான் முழுசாப் புரிஞ்சுச்சு.

அக்கா கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"நல்லகாமன் அண்ணனும் தை மாசத்துலருந்து இப்படித்தான் போறாரு. நான் கவனிக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு."

தெரிஞ்சேதான் எங்ககிட்ட வந்தீங்களாக்கான்னு கேட்டேன். அந்தக்கா தலையை ஆட்டினாங்க. மாசாமாசம் மெசேஜ் வரும்போது இருக்காருன்னு நினைப்பேன், நல்லகாமன் அண்ணன் சொல்லாமப் போகும்போது இல்லைன்னு நினைப்பேன்னாங்க. அவருகிட்ட கேட்க பயமா இருந்துச்சாம். நானாப் பூவை எடுத்தா, உசுரோட இருக்கிற புருசனைச் சாகடிச்சவளாம்னு ஊரு பேசும், யாராவது வாயால சொல்லாம நான் எப்படி அழுறதுன்னாங்க.

"எனக்கு அழணும்ணே. சொல்லிட்டுப் போங்க."

அண்ணன் செருப்பைக் கழட்டிட்டுத் திரும்ப உள்ள வந்து, தங்கப்பாண்டி இறந்துட்டாரும்மான்னு சொன்னாரு. எங்கன்னு சொன்னாரு, எதுனாலன்னு சொன்னாரு. வலி இருந்துச்சான்னு அக்கா கேட்டாங்க. இருந்துச்சுன்னு சொன்னாரு, மறைக்கல. ஏன் அத்தனை மாசம் மறைச்சாங்கன்னு கேட்டதுக்கு அந்த ஸ்கீமையும் சொன்னாரு. அக்கா கொஞ்ச நேரம் ஒண்ணும் புரியாத மாதிரி பாத்தாங்க.

"அந்த ரெண்டு பர்சண்டுக்கா? நான் கூட இருந்திருப்பேனே. கையையாவது பிடிச்சிருப்பேனே."

அதுக்கப்புறம் அழுதாங்க. மாவு மேல, தரையில உக்காந்து, பக்கத்து வீட்டு ஆளுக எல்லாம் ஓடி வர்ற மாதிரி சத்தம் போட்டு அழுதாங்க. நானும் பக்கத்துல உக்காந்து அழுதேன். எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

பொம்பளைங்க வந்து சேர்ந்ததும் அண்ணன் கார்டையும் போனையும் சாமி படத்துக்குக் கீழ வச்சாரு. பேங்க்ல பேசி வாரிசுப் பேருக்குப் பணத்தை மாத்துற வேலையைத் தானே பாத்துக்கிறதாச் சொன்னாரு. அந்தப் போனஸ் வராது, அது எல்லாருக்கும் தெரியும். அப்ப அக்கா வாசல் பக்கம் கையைக் காட்டினாங்க. தெருமுனையில குட்டியானை நின்னுக்கிட்டு இருந்துச்சு, எப்ப வந்துச்சோ.

"அண்ணனை உள்ள வரச் சொல்லுங்க. பாவம், அவரும் அழுதிருக்க மாட்டாரு."

போயிச் சொன்னேன். நல்லகாமன் வண்டியை விட்டு இறங்கி, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வீட்டைப் பாத்து நடந்தாரு. நான் எங்க அண்ணனுக்காக வாசல்ல காத்திருந்தேன். அவரு வெளிய வந்தாரு. அக்கா நிமிர்ந்து எங்களைப் பாத்தாங்க. நாங்க எதுவும் சொல்லல. அவங்களும் போயிட்டு வாங்கன்னு சொல்லல. படியிறங்கி வண்டியை எடுத்தோம்.